ஹாலோஜனும் எல்.இ.டி.யும் ஒரே மேடையில்: டிம்மர் எதற்கு, சுவிட்ச் எதற்கு?

பள்ளி ஆண்டு விழாக்களும் சபா நாடகங்களும் நடக்கும் சிறிய அரங்குகளில், மேடைக்கு மேலே உள்ள இரும்புக் குழாயை அண்ணாந்து பார்த்தால், இரண்டு தலைமுறை விளக்குகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவதைக் காணலாம். கறுப்புத் தகரக் குவளையைப் போல நீண்டு, வாயில் வண்ணத்தாள் செருகப்பட்டவை பழைய ஹாலோஜன் பார் (PAR) வகை விளக்குகள். தட்டையான வட்ட முகத்தில் சிறு சிறு கண்கள் பதிந்திருப்பவை எல்.இ.டி. பார் விளக்குகள். இருப்பதைக் கழித்துவிட மனமில்லாமலும், எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மாற்றப் பணமில்லாமலும், புதிதாக நான்கைந்து விளக்குகளை வாங்கிப் பழையவற்றோடு சேர்த்துத் தொங்கவிடுகிறார்கள். அதில் தவறு ஏதுமில்லை. சொல்லப்போனால், ஒரு வகை மட்டும் உள்ள மேடையைவிட இரண்டும் கலந்த மேடையில் நல்ல ஒளி அமைப்பது எளிது. ஆனால் இரண்டுக்கும் ஒரே விதமாக இணைப்புக் கொடுத்தால் தொல்லை தொடங்கிவிடும்.

அந்தத் தொல்லையை நானே வரவழைத்துக்கொண்ட கதை ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி விழாவின் ஒளியமைப்புக்கு உதவப் போயிருந்தேன். புதிய எல்.இ.டி. விளக்கு ஒன்றைத் தானாகவே வெண்ணிறத்தில் எரியும்படி அமைத்துவிட்டு, கைக்கு எட்டிய சாக்கெட்டில் செருகினேன். அது, விளக்குகளின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர் பெட்டியிலிருந்து வரும் சாக்கெட். டிம்மரை இயக்கும் நகர்த்து குமிழான ஃபேடரை மெல்ல ஏற்றியபோது கால் பங்கு வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விளக்கின் முதுகில் உள்ள சிறு திரையில் எழுத்துகள் தோன்றி மறைந்தன, மீண்டும் தோன்றி மறைந்தன. பாதியைத் தாண்டியதும் விளக்கு வெட்டி வெட்டி எரிந்தது. உள்ளேயிருந்து வண்டு முரல்வது போல ஒரு சத்தம் வந்தது. பதறிப்போய் அணைத்துவிட்டு, டிம்மர் குறுக்கிடாத நேரடி மின்சாரம் உள்ள வேறு சாக்கெட்டில் போட்டுப் பார்த்தேன், அது எரியவேயில்லை. உள்ளிருந்த மின்வழங்கி கருகிப்போயிருந்தது. விளக்கிலும் குறையில்லை, டிம்மரிலும் குறையில்லை. இரண்டையும் இணைத்த கைதான் தவறு செய்தது. அது ஏன் தவறு என்று புரிந்துகொண்டால், கலப்பு மேடையின் மற்ற விதிகளெல்லாம் பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும்.

கம்பியிலேயே முடிவாகும் வெளிச்சம்

ஹாலோஜன் விளக்கு பழைய குண்டு பல்பின் நெருங்கிய உறவு. டங்ஸ்டன் உலோகத்தாலான மெல்லிய இழை ஒன்று, மின்சாரம் பாய்வதால் பழுக்கக் காய்ந்து ஒளிர்கிறது. இழையைச் சுற்றியுள்ள சிறு குவார்ட்ஸ் குடுவைக்குள் அயோடின் அல்லது புரோமின் கலந்த வாயு இருப்பதால், சூட்டில் ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியில் கரியாகப் படியாமல் மீண்டும் இழைக்கே திரும்புகிறது. குண்டு பல்புக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு அதுதான். மின்னணுச் சுற்று எதுவும் இதற்குள் கிடையாது. வருகிற மின்னழுத்தத்துக்கு ஏற்ப இழை சூடாகிறது, சூட்டுக்கு ஏற்ப ஒளிர்கிறது. ஆகவே ஹாலோஜனின் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டுமானால், அதற்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்தாலே போதும். எந்த வழியில் குறைத்தாலும் அது பொருட்படுத்தாது.

அந்த வழிகள்தான் காலந்தோறும் மாறிவந்தன. முழுமையாக மின்விளக்குகளால் ஒளியூட்டப்பட்ட முதல் நாடக அரங்கு என்று பெயர்பெற்ற லண்டனின் சவாய் அரங்கில், 1881-ஆம் ஆண்டிலேயே மேடை விளக்குகளை மங்கச் செய்ய மின்தடைகளைப் பயன்படுத்தினார்கள். விளக்குக்குப் போக வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதியை வழியிலேயே வெப்பமாக வீணாக்குவதுதான் அந்த முறை. பின்னர் மின்மாற்றி வந்தது. நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் டிம்மர்ஸ்டாட் என்று சொல்லும், தலையில் பெரிய குமிழ் உள்ள கனத்த உருளை அந்த வகையைச் சேர்ந்தது. 1957-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் தைரிஸ்டர் என்ற குறைகடத்திச் சாதனம் உருவான பிறகே, இன்று நாம் பார்க்கும், ஒரு பெட்டிக்குள் பன்னிரண்டு சேனல், அதாவது தனித்தனியே இயக்கக்கூடிய பன்னிரண்டு வழிகள், அடங்கும் டிம்மர்களுக்கு வழி பிறந்தது.

தைரிஸ்டர் டிம்மர் மின்னழுத்தத்தைத் தணிப்பதில்லை, நேரத்தை வெட்டுகிறது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்கித் திசை மாறும் அலை. அதில் நொடிக்கு 100 அரை அலைகள் உண்டு; ஒவ்வொன்றும் 10 மில்லிநொடி நீடிக்கும். ஒவ்வொரு அரை அலையையும் வயலுக்கு வரும் ஒரு முறைத் தண்ணீராக எண்ணிக்கொள்ளுங்கள். முறை தொடங்கியவுடன் மடையைத் திறந்தால் வயலுக்கு முழுத் தண்ணீர். பாதி நேரம் கழித்துத் திறந்தால் பாதித் தண்ணீர். முடியும் தறுவாயில் திறந்தால் பாத்தி நனைவதோடு சரி. தைரிஸ்டர் அப்படித் தாமதமாகத் திறக்கும் மடை. முறை முடிந்ததும் தானாகவே மூடிக்கொண்டு, அடுத்த அரை அலையில் மீண்டும் அதே தாமதத்தோடு திறக்கும். கனத்த டங்ஸ்டன் இழை நொடிக்கு நூறு முறை சூடாகி ஆறுவதற்கு மிகவும் சோம்பலானது. எனவே அது இந்த வெட்டுகளைக் காணாமல், சராசரி ஆற்றலை மட்டும் உணர்ந்து சீராக ஒளிர்கிறது.

அரை அலையின் சரிபாதியில் மடை திறந்தால் விளக்குக்குப் பாதி ஆற்றல் கிடைக்கும். ஆனால் வெளிச்சம் பாதியாக இருக்காது. சூடு குறைந்த இழை தன் ஆற்றலில் பெரும்பங்கைக் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராகவே வெளியிடுவதால், வெளிச்சம் ஏறக்குறைய 30 விழுக்காடாக விழுந்துவிடும். நிறமும் மாறும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்; எண் குறையக் குறைய மஞ்சளும் சிவப்பும் கூடும். முழு அளவில் 3200 கெல்வின் கொண்ட மேடை ஹாலோஜன் ஒளி இந்த நிலையில் 2800 கெல்வின் அளவுக்கு இறங்கி மஞ்சளேறும். இன்னும் குறைத்தால் அந்திச் சிவப்பாகும். இந்த மாற்றத்தைப் பின்னால் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

சோறு ஒரு வழி, சொல் ஒரு வழி

எல்.இ.டி. விளக்கின் கதை வேறு. அதன் கண்கள் ஒவ்வொன்றும், ஒரே திசையில் பாயும் சில வோல்ட் நேர் மின்னோட்டத்தில் இயங்கும் குறைகடத்திகள். 230 வோல்ட் மாறு மின்சாரத்தை நேரடியாகத் தொட்டால் அந்த நொடியே செத்துவிடும். ஆகவே ஒவ்வொரு எல்.இ.டி. விளக்குக்குள்ளும் ஒரு மின்வழங்கி இருக்கிறது. அது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, ஒரு மின்தேக்கியில் நிரப்பி, தேவையான தாழ்ந்த மின்னழுத்தமாக மாற்றிச் சீராகக் கொடுக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதற்கு அப்பால் உள்ள இன்னொரு சுற்றின் வேலை. அது எல்.இ.டி.யை நொடிக்குப் பல நூறு அல்லது பல ஆயிரம் முறை போட்டு அணைத்து, எரியும் நேரத்தின் விகிதத்தைக் கொண்டு வெளிச்சத்தை நிர்ணயிக்கிறது. எவ்வளவு விகிதம் என்ற கட்டளை, மின்சாரம் வரும் கம்பியில் வருவதில்லை, டி.எம்.எக்ஸ். என்ற தனிக் கம்பியில் வருகிறது.

ஹாலோஜனுக்குச் சோறும் சொல்லும் ஒரே கம்பியில் போகின்றன. சோற்றின் அளவே சொல். எல்.இ.டி.க்கு எந்நேரமும் வயிறு நிறையச் சோறு இருக்க வேண்டும், சொல் வேறு வாசல் வழியாக வர வேண்டும். இதை மனத்தில் இருத்திக்கொண்டால், எதை டிம்மரில் போடுவது, எதைச் சுவிட்சில் போடுவது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது: ஹாலோஜன் டிம்மருக்கு, எல்.இ.டி. சுவிட்சுக்கு.

இப்போது நான் கருக்கிய விளக்குக்கு வருவோம். டிம்மர் சரிபாதியில் மடையைத் திறக்கும் நேரம், அலை தன் உச்சத்தில் இருக்கும் நேரம். 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் சுமார் 325 வோல்ட். பூஜ்யத்தில் கிடந்த மின்தேக்கியின் வாசலில் 325 வோல்ட் ஒரே அடியாக வந்து மோதுகிறது. மோதியவுடன் பெருமளவு மின்னோட்டம் ஒரு கணம் பாய்கிறது. அடுத்த அரை அலையில் மீண்டும், அதற்கடுத்ததில் மீண்டும் என்று, நொடிக்கு நூறு முறை. வண்டுச் சத்தம் அதனால் எழுந்ததுதான். வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு அடியையும் வாங்கிக்கொண்டு அந்த மின்வழங்கி வெளிச்சத்தைக் குறைக்கவும் செய்யாது. உச்சம் கிடைத்தவரை மின்தேக்கியை நிரப்பி, தன் கடமையாக நினைத்து முழு வெளிச்சத்தைக் காக்கவே போராடும். இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. தைரிஸ்டர் திறந்த நிலையில் நிற்க, அதன் வழியே ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் தொடர்ந்து ஓட வேண்டும். 1000 வாட் ஹாலோஜனுக்கு அது பொருட்டேயில்லை. ஆனால் சில வாட் மட்டும் இழுத்துக்கொண்டு காத்திருக்கும் எல்.இ.டி. விளக்குக்கு அந்த அளவு எட்டாமல், மடை திறந்தும் மூடியும் தள்ளாடுகிறது. திரையில் எழுத்துகள் தோன்றி மறைந்ததற்குக் காரணம் அதுவே.

“ஃபேடரை முழுவதும் ஏற்றி, இறக்காமலே வைத்துக்கொள்கிறேன், அப்போதாவது டிம்மர் சாக்கெட்டில் எல்.இ.டி.யைப் போடலாமா?” என்று பலர் கேட்பதுண்டு. போடக் கூடாது என்பதே என் விடை. சில டிம்மர் பெட்டிகளில் ஒரு சேனலைச் சுவிட்ச் நிலையில் வைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அப்போதும் மின்சாரம் அதே தைரிஸ்டர் வழியாகத்தான் போகிறது, அதே குறைந்தபட்ச மின்னோட்டச் சிக்கல் இருக்கிறது, யாராவது தெரியாமல் அமைப்பை மாற்றிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதே சேனலில் ஒரு ஹாலோஜனையும் சேர்த்துச் சுமையைக் கூட்டுவது பழைய கைவைத்தியம். அவசரத்துக்கு அது வேலை செய்யலாம், நிரந்தர ஏற்பாடாக நான் பரிந்துரைக்க மாட்டேன். டிம்மர் சேனலை விலக்கி அதன் இடத்தில் உண்மையான ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பொருத்துவதோ, நேரடி மின்சாரத்துக்குத் தனிக் கம்பி இழுப்பதோதான் சரியான வழி.

ஒரு விதிவிலக்கு உண்டு. டிம்மரில் இயங்கும் என்று உறையிலேயே அச்சிடப்பட்ட எல்.இ.டி. பல்புகள் கிடைக்கின்றன, அரங்கில் பார்வையாளர் பகுதியின் கூரை விளக்குகளுக்கு இவற்றைப் போடுவார்கள். அலையின் தொடக்கத்தை வெட்டாமல் முடிவை வெட்டும் வகை டிம்மர்களோடு இவை பெரும்பாலும் ஒத்துப்போகும், ஏனென்றால் அங்கே மின்னழுத்தம் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறுகிறதே தவிர வந்து மோதுவதில்லை. எந்த பல்பு எந்த டிம்மரோடு ஒத்துப்போகும் என்பதை வாங்கும் முன் ஒன்றிரண்டைப் போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். உறையை மட்டும் நம்பி ஐம்பது பல்புகளை மொத்தமாக வாங்கிவிடக் கூடாது.

ஒரு கன்சோலில் இரண்டையும் கட்டுவது

மின்சார வழிகள் பிரிந்தாலும், கட்டளை ஒரே இடத்திலிருந்து, அதாவது ஃபேடர்கள் அடங்கிய கன்சோல் என்ற கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து, போகலாம். டிம்மர் பெட்டியும் டி.எம்.எக்ஸ். மொழி அறிந்ததே. 1986-இல் அமெரிக்காவில் நாடகத் தொழில்நுட்பர்களின் அமைப்பு ஒன்று வகுத்த இந்த நெறியில், ஒரு கம்பி வழியே 512 சேனல்களுக்கான எண்கள் திரும்பத் திரும்ப அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை. கம்பியில் கோக்கப்பட்ட எல்லாக் கருவிகளும் எல்லா எண்களையும் கேட்கின்றன. ஆனால் தனக்குக் கொடுக்கப்பட்ட தொடக்க முகவரியிலிருந்து தனக்குத் தேவையான சேனல்களை மட்டும் ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்கிறது. டிம்மர் பெட்டிக்கு அந்த எண், மடையை எப்போது திறப்பது என்ற செய்தி, எல்.இ.டி.க்கு, சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்ற செய்தி.

சிறிய அரங்குகளில் அடிக்கடி கண்ணில் படும் 192 சேனல் கன்சோலை எடுத்துக்கொள்வோம். அதில் பன்னிரண்டு பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானுக்கும் 16 சேனல்கள். முதல் பொத்தான் 1 முதல் 16 வரை, இரண்டாவது 17 முதல் 32 வரை, மூன்றாவது 33 முதல் 48 வரை என்று போகும். ஃபேடர்களோ எட்டுதான்; பக்கத்தை மாற்றும் பொத்தானை அழுத்தினால் அதே எட்டும் அடுத்த எட்டுச் சேனல்களாகும். நம்மிடம் பன்னிரண்டு சேனல் டிம்மர் ஒன்றும், எல்.இ.டி. விளக்குகள் நான்கும் இருந்தால், டிம்மரின் முகவரியை 1 என்று வைக்கிறோம். அது முதல் பொத்தானுக்குள் அடங்கிவிடும். எல்.இ.டி.களுக்கு 17, 33, 49, 65 என்று முகவரி கொடுத்தால் இரண்டாவது பொத்தான் முதல் ஐந்தாவது பொத்தான் வரை ஒவ்வொன்றும் ஒரு விளக்கைப் பிடிக்கும். நான்கும் எப்போதும் ஒரே நிறத்தில் எரிந்தால் போதும் என்றால், நான்குக்கும் 17 என்றே கொடுத்துவிடலாம். அதில் ஒரு தவறும் இல்லை.

புதிய விளக்குகளில் முகவரியைத் திரையில் எண்ணாகவே வைக்கலாம். பழையவற்றில் பத்துச் சிறு சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். முதல் ஒன்பதின் மதிப்பு 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256. வேண்டிய எண் வரும்படி சுவிட்சுகளை மேலே தள்ள வேண்டும். 17 வேண்டுமானால் 1-உம் 16-உம், அதாவது முதல் சுவிட்சும் ஐந்தாவதும். 49 வேண்டுமானால் 1, 16, 32 ஆகியவை, அதாவது முதல், ஐந்தாவது, ஆறாவது சுவிட்சுகள். பத்தாவது சுவிட்சின் வேலை தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும். விளக்கைக் குழாயில் மாட்டுவதற்கு முன், தரையில் வைத்தே இதை முடித்துவிடுங்கள். ஏணி உச்சியில் நின்றுகொண்டு, டார்ச்சை வாயில் கவ்வி, நகத்தால் சுவிட்சைத் தள்ளுவது யாருக்கும் உகந்த வேலையல்ல.

டி.எம்.எக்ஸ். கம்பி ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று சரமாகவே போக வேண்டும். நடுவில் கிளை பிரிக்கக் கூடாது. சரத்தின் கடைசிக் கருவியில் 120 ஓம் மின்தடை பொருத்திய முடிப்பான் ஒன்றைச் செருக வேண்டும். இல்லாவிட்டால் சமிக்ஞை சுவரில் பட்ட பந்து போலத் திரும்பிவந்து குழப்பும். விளக்குகள் காரணமின்றி நடுங்கினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். மைக் கம்பியின் முனையும் அதே போல இருப்பதால் அதையே மாட்டிவிடுகிறார்கள். குறைந்த தூரத்துக்கு ஓடிவிடும், விழாவன்று பார்த்துக் காலை வாரும். டிம்மரிலிருந்து விளக்குகளுக்குப் போகும் கம்பிக் கட்டோடு டி.எம்.எக்ஸ். கம்பியையோ மைக் கம்பியையோ சேர்த்துக் கட்ட வேண்டாம். கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்கட்டும். மங்கலான காட்சியில் ஒலிபெருக்கி இரைவதற்கு, வெட்டப்பட்ட அலைகளே பெரும்பாலும் காரணம்.

சுவிட்சும் சுமையும்

எல்.இ.டி.க்குச் சுவிட்ச் போதும் என்றேன். எந்தச் சுவிட்சும் போதும் என்று பொருளல்ல. சுவிட்ச் ஃபேஸ் கம்பியை வெட்ட வேண்டும். நியூட்ரலை வெட்டும்படி யாராவது மாற்றிப் பொருத்தியிருந்தால், அணைத்த பிறகும் விளக்குக்குள் ஃபேஸ் நிற்கும், சிலவகை எல்.இ.டி. பல்புகள் இருட்டில் மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். சிவப்புப் பொட்டு எரியும் சுவிட்சுகளும் இதே வேலையைச் செய்யும். அந்தப் பொட்டு வழியே கசியும் சிறு மின்னோட்டமே பல்பை மினுக்கப் போதுமானது. அது மட்டுமன்று, சுவிட்சைப் போடும் கணத்தில் எல்லா மின்வழங்கிகளின் மின்தேக்கிகளும் காலியாக இருப்பதால் ஒரே நேரத்தில் மின்னோட்டத்தை உறிஞ்சும். இருபது விளக்குகளை ஒரே சுவிட்சில் போட்டால், மொத்த வாட் குறைவாக இருந்தும் எம்.சி.பி. விழக்கூடும். ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் இந்தச் சங்கடம் இல்லை. அதேபோல ஒவ்வொரு மின்வழங்கியிலிருந்தும் எர்த்துக்கு மிகச் சிறிய கசிவு இருப்பது இயல்பு. பல விளக்குகள் ஒரே கசிவுத் தடுப்பானில் சேர்ந்தால் அந்தச் சிறுதுளிகளெல்லாம் கூடி அதையும் விழச் செய்யும். அதற்காக எர்த் கம்பியைக் கழற்றிவிடும் ‘தீர்வை’ நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அது உயிரோடு விளையாடுவது.

ஹாலோஜனுக்கும் இப்படி ஒரு தொடக்கப் பசி உண்டு. ஆறிய டங்ஸ்டன் இழையின் மின்தடை, சூடான நிலையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே 1000 வாட் விளக்கைச் சுவிட்சால் சட்டெனப் போட்டால், வழக்கமான 4.3 ஆம்பியரைப் போலப் பத்து மடங்கு அளவுக்கு ஒரு கணம் பாயலாம். பல்புகள் பெரும்பாலும் போடும் நேரத்திலேயே பியூஸ் போவது இதனால்தான். டிம்மர் இருக்கும்போது இதைத் தவிர்ப்பது எளிது: காட்சிக்குச் சற்று முன் ஃபேடரை ஐந்து விழுக்காடு அளவுக்கு ஏற்றி, வெளிச்சம் தெரியாதபடி இழையைச் சூடேற்றி வைத்துக்கொள்ளலாம்.

சுமைக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. 1000 வாட் ஹாலோஜன் பன்னிரண்டு இருந்தால் 12,000 வாட். 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 52 ஆம்பியர். ஒரே ஃபேஸில் இது பெரும் சுமை. மூன்று ஃபேஸ்களில் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 17 ஆம்பியருக்குச் சற்று மேல். ஒரு டிம்மர் சேனல் 10 ஆம்பியர் தாங்கும் என்றால் அதில் 1000 வாட் விளக்கு இரண்டு போடலாம், மூன்று கூடாது. அந்தப் பன்னிரண்டின் இடத்தில் 150 வாட் எல்.இ.டி. வந்தால் மொத்தமே 8 ஆம்பியருக்குள். இதைக் கண்டு மகிழ்ந்து நியூட்ரல் கம்பியை மறந்துவிடக் கூடாது. மூன்று ஃபேஸ்களிலும் சம சுமை இருந்தால் நியூட்ரலில் மின்னோட்டம் இருக்காது என்று படித்திருப்போம். அது முழு அலைக்கு மட்டுமே பொருந்தும். டிம்மர் வெட்டிய அலைகளிலும், எளிய எல்.இ.டி. மின்வழங்கிகள் துண்டு துண்டாக இழுக்கும் மின்னோட்டத்திலும், 150 ஹெர்ட்ஸ் கொண்ட ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பகுதி மூன்று ஃபேஸ்களிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றையொன்று அழிக்காமல் கூடிக்கொள்ளும். எனவே மெலிந்த நியூட்ரல், இறுக்கம் தளர்ந்த நியூட்ரல் இரண்டும் ஆபத்து. இந்தப் பகுதியை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். நாம் செய்யக்கூடியது, சாக்கெட்டுகளைப் பிரித்து அடையாளமிடுவது. நான் உதவும் அரங்கில் டிம்மர் சாக்கெட்டுகளுக்குச் சிவப்பு டேப்பும், நேரடி மின்சார சாக்கெட்டுகளுக்குப் பச்சை டேப்பும் ஒட்டியிருக்கிறோம், எல்.இ.டி. விளக்கு ஒவ்வொன்றின் பிளக்கிலும் பச்சை டேப் சுற்றியிருக்கிறோம். என் பழைய தவறை இன்னொருவர் செய்யாமலிருக்க இதுவரை அதுவே போதுமானதாக இருக்கிறது.

கண்ணில் படும் வேறுபாடு

மின்சாரம் சரியாக அமைந்த பிறகு, இரண்டு ஒளிகளையும் ஒரே காட்சியில் இணைக்கும் வேலை மிஞ்சுகிறது. என் அனுபவத்தில் இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கிறது.

இரண்டு ஃபேடர்களையும் ஒன்றாக 255-இலிருந்து 0-க்கு மெல்ல இறக்கிப் பாருங்கள். ஹாலோஜன் மஞ்சளாகி, சிவந்து, பத்து விழுக்காட்டை நெருங்கும்போதே கண்ணுக்கு ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். எல்.இ.டி.யோ நிறம் மாறாமல், அதே குளிர்ந்த வெண்மையில் கடைசி வரை நின்று, இறுதியில் படிப்படியாகத் துள்ளி இறங்கிப் பட்டென்று அணையும். அடிமட்டத்தில் எண் 2-இலிருந்து 1-க்கு இறங்குவது வெளிச்சம் பாதியாவதற்குச் சமம். இழையின் சோம்பல் ஹாலோஜனில் அந்தப் படியை மெழுகிவிடும், எல்.இ.டி.யில் மெழுக ஆளில்லை. இதனால் சோகக் காட்சி மெல்ல இருளும் நேரத்தில், பின்னால் நீல வெள்ளையாக ஒரு பேய் வெளிச்சம் தனியே நிற்கும்.

சில விளக்குகளின் அமைப்புப் பட்டியலில் ஹாலோஜனைப் போல மெல்ல நகரும் டிம்மர் வேகம், வளைகோடு ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும். இருந்தால் அதை முதலில் போட்டுப் பாருங்கள். ஒரே வெளிச்சத்துக்கு இரண்டு சேனல் ஒதுக்கும் விளக்குகளில் படிகள் மிக நுண்ணியதாகிவிடும். இவை எதுவும் இல்லாவிட்டால் கையால் செய்வதே வழி: ஏற்றும்போது ஹாலோஜன் முன்னே போகட்டும், எல்.இ.டி. ஒரு மூச்சு தாமதித்து வரட்டும், இறக்கும்போது எல்.இ.டி. முதலில் விலகட்டும், ஹாலோஜனின் செம்மை கடைசியாக அடங்கட்டும். பார்ப்பவர் கண்ணுக்கு அது மாலை வெயில் மறைவது போல இயல்பாக இருக்கும்.

எந்த விளக்கை எங்கே மாட்டுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முகத்துக்கு முன்னாலிருந்து விழும் ஒளிக்கு ஹாலோஜன், பின்திரைக்கும் பக்கவாட்டு நிறங்களுக்கும் எல்.இ.டி. ஹாலோஜன் ஒளியில் எல்லா அலைநீளங்களும் இடைவெளியின்றி இருக்கின்றன. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றை மட்டும் கலந்து எல்.இ.டி. தரும் வெண்மை கண்ணுக்கு வெண்மையாகவே தெரிந்தாலும், இடையில் மஞ்சள் பகுதியில் பெரும் பள்ளம் இருக்கும். பரதநாட்டியத்துக்குப் போட்ட ஒப்பனையும், அரக்கு நிறப் பட்டும் ஜரிகையும் அந்த வெண்மையில் களையிழந்து நிற்பதை ஒத்திகையில் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மாறாக, ஹாலோஜன் முன் ஆழ்நீல வண்ணத்தாள் போட்டால், நீலம் குறைந்த அந்த ஒளியில் பெரும்பகுதி தாளிலேயே தங்கி, தாளும் சூட்டில் வெளிறிப் பொசுங்கும். பின்திரையின் நீலத்தை எல்.இ.டி. சில பத்து வாட்டிலேயே கொடுத்துவிடும். முகத்துக்கும் எல்.இ.டி.தான் இருக்கிறது என்றால், 3200 கெல்வின் வெண்மை என்று குறிப்பிட்ட வகையையோ, அம்பர் நிறக் கண்ணும் சேர்ந்த வகையையோ வாங்குங்கள்.

விழாவை இன்று யாராவது கேமராவில் நேரலையாக ஒளிபரப்பாமல் இருப்பதில்லை. எல்.இ.டி.யின் போட்டு அணைக்கும் வேகம் குறைவாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் கேமராவில் கறுப்புப் பட்டைகளாக ஓடும், குறிப்பாக வெளிச்சத்தைக் குறைத்த காட்சிகளில். கேமராக்காரரின் ஷட்டரை நொடியில் 50-இல் ஒரு பங்கு என்று வைக்கச் சொல்லிப் பாருங்கள். போகாவிட்டால் விளக்கின் அமைப்பில் அலைவெண்ணை உயர்த்தும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். ஒத்திகையன்றே கேமராவை வரச்சொல்லி, மிக மங்கலான காட்சியை ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது. முழு வெளிச்சத்தில் மட்டும் பார்த்துவிட்டுத் தலையசைத்தால் இந்தப் பட்டைகள் பிடிபடாது.

நிகழ்ச்சி முடிந்ததும் எல்.இ.டி.களைக் கன்சோலில் மட்டும் இருட்டாக்கிவிட்டுக் கதவைப் பூட்ட வேண்டாம். அவை அணைந்தது போலத் தெரிந்தாலும் மின்வழங்கிகள் விழித்தே இருக்கும். பச்சை டேப் சாக்கெட்டுகளின் சுவிட்சுகளையும் அணைத்துவிட வேண்டும். ஹாலோஜன்களைக் கழற்றுவதாக இருந்தால், அவை ஆறும் வரை காத்திருங்கள். தனியாக வரும் சிறிய குவார்ட்ஸ் பல்பை வெறும் விரலால் தொடாமல் துணியால் பிடியுங்கள். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் அடுத்த முறை அதிகமாகச் சூடேறி, அங்கேயே கண்ணாடி கொப்பளித்து உடையும்.